‘ராவிலே ஒண்ணு’ என்றால் காலையா, ராத்திரியா?

கேட்ட தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அம்மாவுக்கு 61 வயது. கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். மலையாளம் ஓரளவு பேசுவார், படிக்கத் தெரியாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்சம் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் வாங்கியது, கொஞ்சம் மகள் வீட்டுக்குப் போகும்போது தமிழ்நாட்டில் கம்பம் ஊரில் காட்டி வாங்கியது. எல்லாம் ஒரே டப்பாவில். போன மாதம் வேர்த்துக் கொட்டி மயங்கி விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர், “ஹெல்த் லிட்டரசி இல்லாததுதான் பிரச்சினை” என்றாராம். அப்படியென்றால் என்ன, அதனால் சிகிச்சைக்கு என்ன ஆகிறது, அம்மா படிக்காததுதான் காரணமா என்பது தம்பியின் கேள்வி.

அம்மா படிக்காதது காரணம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த டாக்டர் சொன்னதைக் கேட்டு வீட்டில் யாராவது அம்மாவைக் குறை சொல்லியிருக்கக்கூடும்.

நான் குமுளியில் 28 ஆண்டுகள் மருந்துக்கடைக் கவுன்டரில் ஃபார்மசிஸ்டாக நின்றவன். ஒரு பக்கம் பீர்மேடு தாலுகா எஸ்டேட் ஜனங்கள், இன்னொரு பக்கம் கம்பம், கூடலூரிலிருந்து தினமும் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள். இரண்டு பேரிடமும் நான் பார்த்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஏலக்காய் எடுக்க வந்த ஒரு அக்காவுக்குக் கால் வீங்கியிருந்தது. பக்கத்து ஊரில் மலையாளி டாக்டர் பார்த்து, நீரை வடிக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்து, “ராவிலே ஒண்ணு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மலையாளத்தில் ‘ராவிலே’ என்றால் காலையில். நம் தேனிப் பக்கத்தில் ‘ராவுல’, ‘ராவிலே’ என்றால் ராத்திரி. அக்கா ஒரு வாரம் ராத்திரி படுக்கப் போகும்போது அந்த மாத்திரையைப் போட்டிருக்கிறார். அது போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும். அவர் தங்கியிருந்த லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீட்டில், கக்கூஸ் வெளியே. இருட்டில் நாலு தடவை இறங்கி ஏறி, ஐந்தாவது தடவை படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு என்னிடம் வந்து, “டாக்டர் சொன்னபடிதாம்ப்பா சாப்பிட்டேன்” என்றார். அது உண்மை. அவர் கேட்டது என்னவோ அதன்படிதான் சாப்பிட்டார்.

எல்லை ஊர்களில் இதுதான் பெரிய ஆபத்து. இந்தி பேசும் டாக்டரிடம் போனால் புரியவில்லை என்பது நமக்கே தெரியும். யாரையாவது துணைக்குக் கூப்பிடுவோம். மலையாளம் அப்படியில்லை. புரிந்துவிட்டது போலவே இருக்கும். ‘பனி’ என்றால் அவர்களுக்குக் காய்ச்சல். “இனி பனி வந்தா உடனே கொண்டு வரணும்” என்று மார்கழி மாதத்தில் ஒரு மலையோரத் தாயிடம் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? வாசலைத் திறந்தாலே பனி. பிள்ளைக்கு ஸ்வெட்டரை மாட்டி, தலையில் துணியைக் கட்டி வைப்பார். காய்ச்சல் வந்த அன்றைக்கு அந்தப் பேச்சு நினைவுக்கே வராது.

‘நீரு’ என்றால் அவர்களுக்கு வீக்கம், நமக்குச் சிறுநீர். “நீரு குறஞ்ஞோ?” என்று டாக்டர் கேட்பது வீக்கம் வடிந்ததா என்று. நம் ஆள் சிறுநீர் குறைந்துவிட்டதா என்று கேட்பதாக நினைத்து, “இல்லைங்க, நல்லாப் போகுது” என்பார். வீக்கம் வடியவில்லை என்று டாக்டர் எழுதிக்கொள்வார். மாத்திரை கூடும். இதேபோல “குறவுண்டோ?” என்றால் நோவு தணிந்திருக்கிறதா என்று அர்த்தம். “ஒரு குறையும் இல்ல டாக்டரே” என்று சந்தோஷமாகச் சொல்வார் நம் ஆள். டாக்டரின் காதில் விழுவது, ‘கொஞ்சம்கூடத் தணியவில்லை’ என்பது. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் அக்கறையோடு பேசினார்கள், இரண்டு பேருக்கும் எதிராளி சொன்னது புரிந்துவிட்டது என்ற முழு நம்பிக்கை.

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன். ஹெல்த் லிட்டரசி என்பதைத் தமிழில் உடல்நல எழுத்தறிவு என்று சொல்லலாம். 1974 முதல் புழங்குகிற சொல். உடம்பைப் பற்றிய தகவலைத் தேடிப் பிடிக்க, புரிந்துகொள்ள, அது சரியா என்று எடைபோட, அதன்படி நடக்க ஒருவருக்கு எவ்வளவு முடிகிறது என்பதுதான் அது. டான் நட்பீம் என்ற பொதுச் சுகாதார அறிஞர் 2000இல் இதை மூன்று படியாகப் பிரித்தார். சீட்டையும் அட்டையையும் வாசித்துப் புரிந்துகொள்வது முதல் படி. டாக்டரிடம் பேசி, கேட்டு, தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வது அடுத்தது. கேட்டதையெல்லாம் நம்பாமல் நிறுத்துப் பார்ப்பது மூன்றாவது. “பாகற்காய் ஜூஸ் குடிச்சா சர்க்கரை மாத்திரையை நிறுத்திடலாம்” என்று போனில் வரும் செய்தியை நம்பி எம்.ஏ. படித்தவர் மாத்திரையை நிறுத்துகிறார் என்றால், அவருக்கு முதல் படி இருக்கிறது, மூன்றாவது இல்லை.

பள்ளிப் படிப்பும் இதுவும் ஒன்றல்ல என்பதற்குக் கேரளத்திலேயே நின்று பார்க்கலாம். 1991 ஏப்ரல் 18ஆம் தேதி முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 94 சதவீதம் எழுத்தறிவு. அதே மண்ணில்தான் நல்ல வேலையில் இருப்பவர் என் கவுன்டரில் நின்று, “டெஸ்ட் நெகட்டிவ்னு வந்திருச்சு, இனி என்ன செய்யறது?” என்று கலங்கியதைப் பார்த்தேன். நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெளியுலகில் நெகட்டிவ் என்றால் கெட்டது, ஆஸ்பத்திரியில் நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் நல்லது. அவர் மேல் என்ன தப்பு?

வாசிப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை 2006இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 395 நோயாளிகளிடம் மருந்து லேபிள்களைக் காட்டினார்கள். ஒன்றில், இரண்டு மாத்திரை வீதம் தினம் இரண்டு முறை என்று இருந்தது. குறைந்த வாசிப்புத் திறன் கொண்டவர்களில் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணிக் காட்டுங்கள் என்றபோது நான்கை எடுத்து வைத்தவர்கள் 35 சதவீதம் பேர்தான். இத்தனைக்கும் அது அவர்கள் மொழி. நம் ஊர்ச் சீட்டில் இருப்பது ஆங்கில மருந்துப் பெயரும் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று) என்ற குறியும், கவரில் இருப்பது மலையாள எழுத்தும்.

எண்களும் அளவுகளும் வரும் இடத்தில்தான் உயிருக்கே ஆபத்து. மூன்றை மட்டும் சொல்கிறேன், மூன்றும் கவுன்டரில் நான் திரும்பத் திரும்பப் பேசியவை.

இன்சுலின். நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான ஊசியின் மூடி சிவப்பு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு. அதன் ஊசிக்கு மூடி ஆரஞ்சு. ஊசியில் உள்ள கோடுகளைப் பார்த்துத்தான் இழுக்கிறோம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ஆளைச் சாய்த்துவிடும். மாற்றி, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் 20 வரை இழுத்தால் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவே இறங்காது, டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். ஒருநாள் சரியான ஊசி கைக்கு வரும். அன்றைக்குத்தான் விபத்து.

ஓஆர்எஸ் பாக்கெட், அதாவது வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலக்கும் வீடுகள் ஏராளம். சில வீடுகளில் முழுப் பாக்கெட்டும் ஒரே டம்ளரில். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு அத்தனை உப்பும் சர்க்கரையும் கெட்டியாகப் போனால் போக்கு கூடும், ரத்தத்தில் உப்பு ஏறும். நல்ல மருந்து கேடாகிவிடும்.

அப்புறம் குழந்தைகளின் பாராசிட்டமால். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125. மூத்த பிள்ளைக்குச் சிரப் ஐந்து மில்லி கொடுத்த பழக்கத்தில், கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம். பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை.

இவை எதற்கும் பட்டப்படிப்பு வேண்டாம். மருந்து கொடுப்பவர் ஒரு நிமிடம் ஊசியையோ டம்ளரையோ கையில் எடுத்துக் காட்டினால் போதும்.

அந்த ஒரு நிமிடம் ஏன் நடப்பதில்லை? டாக்டருக்கு வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள் என்பது நிஜம். அதை நான் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு காரணம் நம் பக்கத்தில் இருக்கிறது. வெட்கம். சீட்டை நீட்டினால், “கண்ணாடி கொண்டாரல, நீங்களே பார்த்துச் சொல்லுங்க” என்பார்கள். அடுத்த மாதமும் கண்ணாடி வந்திருக்காது. எனக்குப் புரியும், நான் கேட்க மாட்டேன். 1996இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாசிப்புத் திறன் குறைந்து, வாசிக்கச் சிரமப்படுவதை ஒப்புக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் கணவனிடமோ மனைவியிடமோகூட அதைச் சொன்னதில்லை என்று தெரிந்தது. கட்டியவரிடமே மறைப்பதை, வெள்ளைக் கோட்டுப் போட்ட அந்நியரிடம் எப்படிச் சொல்வார்கள்? எல்லை ஊரில் இதற்கு மேல் இன்னொரு சுமையும் உண்டு. ‘தமிழ்க்காரி, எதுவும் தெரியாது’ என்று யாராவது முணுமுணுத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் தலையை ஆட்டி, “சரிங்க, சரிங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என்னிடம், “அவர் என்னதான்யா சொன்னாரு?” என்பார்கள்.

தம்பி, உங்கள் அம்மாவும் அப்படித்தான் தலையாட்டியிருப்பார்.

புரிந்தே கேட்டாலும் முழுதும் நிற்காது. டாக்டர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம்வரை வெளியே வருவதற்குள் மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தப்பாக நிற்கிறது என்பது ஆய்வுகளில் கண்டது. நோய்ப் பயத்தில் இருப்பவருக்கும் வயதானவருக்கும் இன்னும் அதிகம்.

இதனால் சிகிச்சைக்கு என்ன ஆகிறது என்று கேட்டீர்கள். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டாவது மாதத்தில் இருமல் நின்றதும், ‘குணமாயிருச்சு’ என்று நிறுத்துவார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். அந்த மருந்தில் ஒன்றால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் பயமில்லை. சொல்லாவிட்டால், ‘ரத்தமாப் போகுது’ என்று மூன்றாம் நாளே மருந்து குப்பைக்குப் போகும். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான்: பிரஷர் நார்மல் என்று சொன்னதும், இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்துவார்கள். மாத்திரையால்தான் நார்மலாக இருக்கிறது என்ற ஒரு வாக்கியம் சொல்லப்படாமல் விட்டுப்போனதால் பக்கவாதம் வந்தவர்களை நான் அறிவேன். அமெரிக்காவில் 3,260 முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2007இல் எழுதிய ஆய்வில், உடல்நல எழுத்தறிவு போதுமான அளவு இருந்தவர்களில் 18.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மிகக் குறைவாக இருந்தவர்களில் 39.4 சதவீதம். வயது, வருமானம், முன்பே இருந்த நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இவர்களுக்கு இறப்பு அபாயம் ஒன்றரை மடங்காக இருந்தது.

டாக்டர்கள், நர்ஸ்கள், என்னைப் போன்ற கடைக்காரர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். அதற்கு நம் மண்ணில் ஒரே பதில்தான்: “ம், சரிங்க.” அதற்குப் பதிலாக, “வீட்டுக்குப் போனதும் மருமக கேட்பாங்க இல்ல, டாக்டர் என்ன சொன்னாருன்னு? என்ன சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க” என்று கேட்டுப் பாருங்கள். தப்பாகச் சொன்னால், “நான்தான் சரியாச் சொல்லல, மறுபடி சொல்றேன்” என்று நம் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போது வெட்கம் கழன்றுவிடும். 2003இல் சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், இப்படித் திருப்பிக் கேட்ட டாக்டர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை கட்டுப்பாடு மேலாக இருந்தது. ஆனால் அப்படிக் கேட்டது ஐந்தில் ஒரு சந்திப்பில்தான். நான் இதைக் கவுன்டரில் வழக்கமாக்கிய பிறகு ஒரு மாத்திரைக் கவருக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆனது. அவ்வளவுதான். ராவிலே குழப்பம் அதற்கப்புறம் என் கடையைத் தாண்டிப் போகவில்லை. எண் போட்டு எழுதாமல் சூரியனும் பிறைச் சந்திரனும் வரைந்து கொடுக்கத் தொடங்கினேன்.

துணைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்டேட் குடும்பங்களில் மலையாளப் பள்ளியில் படிக்கும் மகனோ மகளோதான் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர். அது பெரிய உதவி. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தம் படுகிறது என்பதைப் பதினைந்து வயது மகன் வழியாக எந்தத் தாய் சொல்வாள்? வயிற்று வலி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். அந்த ரத்தம் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். இந்த மாதிரி விஷயங்களுக்குத் தமிழ் தெரிந்த நர்ஸையோ, ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரையோ கேளுங்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அந்த வேலையில் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.

கேட்பது உரிமையும்கூட. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தில் நின்றன. நம் மொழி அங்கேயே இருக்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியில் பெறலாம் என்று இருக்கிறது. அது கடிதங்களுக்கான சட்டம். மருந்துக் கவரைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் தமிழ்த் துண்டுச்சீட்டும் தமிழ்ப் பலகையும் வேண்டும் என்று மனு எழுத அது நல்ல பிடிமானம், தமிழிலேயே எழுதுங்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும் தாளுக்கு இன்னும் வலுவான பிடிமானம் உண்டு. என்ன செய்யப்போகிறோம், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று போதிய அளவு சொல்லி வாங்கினால்தான் அது சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளில் அவசரமாகக் கைநாட்டு வைக்கத் தேவையில்லை. “தமிழ்ல ஒருத்தர் சொல்லட்டும், அப்புறம் போடுறேன்” என்று சொல்லலாம்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது, இரண்டு மாநிலத்து மாத்திரைகளும் ஒரே டப்பாவில் இருப்பது. ஒரே மருந்து கம்பத்தில் ஒரு பெயரில், இங்கே இன்னொரு பெயரில் விற்கும். அட்டையின் நிறம் வேறு, மாத்திரையின் வடிவம் வேறு. அம்மாவுக்கு அது இரண்டு மருந்து. உடம்புக்கு அது ஒரே மருந்து இரண்டு மடங்கு. இந்தக் குழப்பத்தை எழுத்தறிவு தீர்க்காது. டாக்டருக்குப் படித்தவரே இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிப்பார். டாக்டர்கள் மருந்தின் மூலப்பெயரை, தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலக் கேப்பிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இலேயே மருத்துவக் கவுன்சில் விதி திருத்தியது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்று சாயங்காலம் அந்த டப்பாவைக் கவிழ்த்து எல்லா அட்டையையும் தரையில் பரப்புங்கள். பெரிய எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் உள்ளதைப் பாருங்கள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மருந்துப் பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட அட்டையில் வருகிறதா? கிளிமிபிரைடு இரண்டு அட்டையில் இருந்தால், அம்மா வேர்த்து மயங்கியதற்குச் சர்க்கரை சட்டென்று தாழ்ந்தது காரணமாக இருந்திருக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். இன்று ராத்திரி மாத்திரைக்கு முன்பே டாக்டரிடமோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ போனில் கேட்டுவிடுங்கள். நாளைக் காலையில் எல்லா அட்டையையும், பழைய சீட்டுகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரே டாக்டரிடம் போய்க் கொட்டுங்கள். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று அவர் பிரிக்கட்டும். அதுவரை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் சர்க்கரை இருக்கட்டும். வேர்வையும் கைநடுக்கமும் வந்தால், முழு நினைவோடு விழுங்க முடிகிற நிலையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

டாக்டர் பிரித்துக் கொடுத்த பிறகு, அந்த அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்னால், எது எப்போது என்று அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.